நாட்டு ஆப்பிள், வறண்ட நிலம்: மரம் கேக்குறது தண்ணியா, தூக்கமா?

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல காரைக்குடி சித்தப்பா ஒரு விளம்பரத்தைத் தட்டி விட்டிருந்தார். செக்கச்செவேல்னு ஒரு பழம், கீழ "நாட்டு ஆப்பிள், வறட்சி தாங்கும், 45 டிகிரி வெயில்லயும் காய்க்கும்"னு மஞ்சள் எழுத்து. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "டேய் தம்பி, நீ அங்க சிங்கப்பூர்ல காரிடார் பூரா செடி வச்சிருக்கியே, இது நம்ம மண்ணுக்கு வருமாடா? பத்துக் கன்னு சொல்லிட்டேன்." சொல்லிட்டுத்தான் கேக்குறார். எங்க வீட்டுல எல்லாமே அந்த வரிசைதான்.

பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது நீண்டுக்கிட்டே போச்சு. ஏன்னா அந்த ஒரு வரி விளம்பரத்துல வேற வேற நாலு சங்கதி குழைஞ்சு கிடக்கு. நாட்டு ரகம்ங்கிறது ஒண்ணு, வறட்சி தாங்குறது ஒண்ணு, வெயில் தாங்குறது ஒண்ணு, காய்க்கிறது இன்னொண்ணு. இங்க தேக்கா மார்க்கெட்டுல பேசினாலும் இதே குழப்பம்தான், "ஆப்பிள் குளிர் நாட்டுப் பழம், இந்த வெயிலுக்கு எப்படி வரும்"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அது பாதிதான் சரி, அந்த மீதிப் பாதியிலதான் விஷயமே இருக்கு.

காய்ஞ்ச ஊர்ல ஆப்பிள் வராதுன்னு யார் சொன்னா

ஃபேர்பிரைஸ்லயோ ஷெங் சியோங்லயோ வாஷிங்டன் ஸ்டிக்கர் ஒட்டின சிவப்பு ஆப்பிளைப் பார்த்திருப்பீங்க. வாஷிங்டன் மாநிலம்னா நம்ம மனசுல மழையும் பனியும் பச்சை மலையும்தான் வரும். ஆனா அந்த ஆப்பிள் விளையிற யாக்கிமா, வெனாச்சி பக்கமெல்லாம் கிட்டத்தட்ட பாலைவனம். யாக்கிமாவுல வருஷத்துக்கு சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும். நம்ம காரைக்குடி அதைவிட நாலு மடங்கு நனையிற ஊரு, சிங்கப்பூர் பத்து மடங்கு. கடல் பக்கத்துல இருந்து வர்ற மேகத்தை எல்லாம் கேஸ்கேட் மலைத்தொடர் அந்தப் பக்கமே பிழிஞ்சு எடுத்துடும், இந்தப் பக்கம் வெறும் காத்துதான் வரும், கேரளா நனையுறப்ப தேனிப் பக்கம் காயுதே, அதே கதைதான். அமெரிக்காவுல விளையிற ஆப்பிள்ல பாதிக்கு மேல வர்றது இந்த மாநிலத்துல இருந்துதான், அதுலயும் பெரும்பகுதி இந்தக் காய்ஞ்ச பக்கம்தான்.

எப்படின்னா ஆத்துத் தண்ணி. கொலம்பியா ஆறும் யாக்கிமா ஆறும் மலைப்பனி உருகி வருது, வாய்க்கால் வெட்டி தோப்புக்குக் கொண்டு வந்துட்டாங்க. தண்ணி கையில இருந்தா காய்ஞ்ச காத்து ஆப்பிளுக்கு ஒருவகையில வரம்தான். ஆப்பிளைத் தாக்குற பெரிய பூஞ்சை நோய் ஒண்ணு இருக்கு, இலையிலயும் பழத்துலயும் கருப்பா சொறி மாதிரி படரும், இலை மணிக்கணக்கா ஈரமா இருந்தாத்தான் அது முளைக்கும். காய்ஞ்ச ஊர்ல அதுக்கு இடமே இல்ல.

கஷ்டமும் இருக்கு, இல்லன்னு சொல்லல. கடும் வெயில்ல பழத்தோட தோல் 46 டிகிரியைத் தாண்டிச்சுன்னா வெந்து பழுப்பாயிடும், அதுக்கு நிழல்வலை கட்டுறாங்க, பழத்து மேல வெள்ளைக் களிமண் கரைசல் அடிக்கிறாங்க. ஆனா அது சமாளிக்கக்கூடிய கஷ்டம்.

ஆக, வறண்ட நிலம்ங்கிறது ஆப்பிளுக்குப் பகை இல்ல. தண்ணி பாய்ச்ச வழி இருந்தா போதும். அப்ப காரைக்குடியில ஏன் ஆப்பிள் தோப்பு இல்ல?

காரைக்குடியும் சிங்கப்பூரும் ஆப்பிளுக்கு ஒரே ஊருதான்

நமக்கு இது ரெண்டும் நேரெதிர் ஊரு. அங்க செம்மண் புழுதி பறக்கும், இங்க காயப்போட்ட துணியை எடுக்க ஓடுறதே பாதிப் பொழைப்பு. ஆனா ஒரு ஆப்பிள் மரத்தோட மொட்டைக் கேட்டா ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. ரெண்டுலயும் அதுக்கு வேண்டிய ஒண்ணு கிடைக்கிறதே இல்ல, அதான் நீளமான குளிர்காலம்.

சிங்கப்பூர்ல இதுவரைக்கும் பதிவானதுலயே குறைஞ்ச வெப்பநிலை 19 டிகிரி, 1989 பிப்ரவரியில பாய லேபார்ல. அன்னைக்கு எல்லாரும் ஸ்வெட்டரைத் தேடியிருப்பாங்க, ஆப்பிள் மரத்துக்கு அது கோடைகால சாயங்காலம். காரைக்குடியில மார்கழி விடியக்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கோலம் போடுறப்ப கை விறைக்கிற குளிர்னு சித்தி சொல்வாங்க, சொல்லிட்டுப் போகட்டும்.

யாக்கிமாவுல கோடையில 35 டிகிரிக்கு மேல போகும், குளிர்காலத்துல பனி கொட்டும். ரெண்டும் சேர்ந்த ஊரு அது. ஆப்பிள் கோடை வெயிலைத் தாங்கிக்கும், ஆனா குளிர்காலம் இல்லன்னா கணக்கு உதைக்கும்.

ஈசி-லிங்க் கார்டு கணக்கு

இலையுதிர் காலத்துல ஆப்பிள் மரம் இலையைக் கொட்டிட்டு ஒரு ஆழமான தூக்கத்துக்குப் போயிடும். இதுக்குப் பேரு உறக்கநிலை. சும்மா குளிருக்குப் பயந்து சுருண்டுக்கிறது இல்ல இது. நடுவுல ரெண்டு நாள் நல்லா வெயில் அடிச்சா ஏமாந்து பூத்துட்டு, மறுநாள் பனியில பூவெல்லாம் கருகிடக் கூடாதே, அதனால மரம் உள்ளுக்குள்ளயே ஒரு பூட்டு போட்டுக்குது. பூட்டு திறக்க ஒரே வழி, போதுமான நேரம் குளிர்ல இருந்தாகணும்.

இதை ஈசி-லிங்க் கார்டு, அதான் இங்க பஸ்ஸுக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் தட்டுற காசு கார்டு, அது மாதிரி நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு மணி நேரக் குளிரும் கார்டுல கொஞ்சம் டாப்-அப். எந்த மணி நேரம் கணக்குல ஏறும்னா, பழைய கணக்குப்படி 0 டிகிரியில இருந்து சுமார் 7 டிகிரி வரைக்கும் இருக்குற நேரம். இப்படி ஏறுற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பேரு குளிர் மணி. கார்டுல காசு சேர்ந்தாத்தான் எம்ஆர்டி கேட் திறக்கும், சேரலன்னா எத்தனை தடவை தட்டினாலும் சிவப்பு விளக்குதான்.

எல்லா ரகத்துக்கும் ஒரே கட்டணம் இல்ல. பழைய குளிர்நாட்டு ரகங்கள் நிறைய 800ல இருந்து 1000 மணி வரைக்கும் கேக்கும். 1000 மணின்னா ராத்திரி பகல்னு இடைவிடாம 42 நாள் ஃபிரிட்ஜுக்குள்ள இருக்குற மாதிரி. அன்னான்னு ஒரு ரகம், 1950கள்ல இஸ்ரேல்ல ஐன் ஷெமர்ங்கிற குடியிருப்புல உருவாக்கினது, 200-300 மணியில திருப்தி ஆயிடும். டார்செட் கோல்டன்னு ஒண்ணு பஹாமாஸ் தீவுல கிடைச்சது, 100 மணி கிட்ட போதும்.

இதுல இன்னொரு வில்லங்கமும் உண்டு. 1974ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல திருத்தின ஒரு கணக்கு வந்துச்சு, அதுபடி குளிர்காலத்துல நடுவுல சூடான பகல் வந்தா, 16 டிகிரிக்கு மேல போற நேரம் ஏற்கனவே ஏறினதுல இருந்து கழியும். பாதி டாப்-அப் பண்ணிட்டு பஸ்ல சுத்திட்டு வந்த கதை. அதனால "எங்க ஊர்ல ராத்திரி நல்லாக் குளிரும்"னு சொல்றது மட்டும் பத்தாது, பகல்ல என்ன ஆகுதுன்னும் பார்க்கணும்.

சுருக்கமா: மரம் தூங்குது, குளிர் மணி சேர்ந்தாத்தான் பூட்டு திறக்கும், எவ்வளவு சேரணும்ங்கிறது ரகத்துக்கு ரகம் மாறும். பூட்டு திறந்த பிறகு வெதுவெதுப்பு வேணும், அப்பத்தான் பூக்கும்.

மொட்டுக்குள்ள நிஜமா என்ன நடக்குது

கார்டு, பூட்டு எல்லாம் உவமை, உள்ள நடக்குறது வேற. ஒரு மொட்டுங்கிறது சின்னச் சின்ன செல்லு நிறைஞ்ச ஒரு பிளாக். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல நம்ம வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு காரிடார் மாதிரி மெல்லிசா பாதை இருக்கும், சத்தும் சேதியும் அது வழியாத்தான் போகும். குளிர்காலத்துக்கு முன்னாடி மரம் இந்தக் காரிடார் வாசல்ல எல்லாம் காலோஸ்னு ஒரு சர்க்கரைப் பசையை அடைச்சு வச்சுடுது. அவ்வளவுதான், ஒரு வீட்டுக்கு இன்னொரு வீட்டுச் சேதி தெரியாது, யாரும் எந்திரிக்க மாட்டாங்க. கூடவே வளர்ச்சியை அமுக்கி வைக்கிற அப்சிசிக் அமிலம்ங்கிற ஹார்மோனும் மொட்டுல ஏறி நிக்கும்.

குளிர் நாள் கணக்கா நீடிச்சா அந்த அமிலம் இறங்குது, பசையைக் கரைக்கிற நொதி வேலை செய்ய ஆரம்பிக்குது, காரிடார் ஒவ்வொண்ணா திறக்குது. இந்தப் பசை சமாச்சாரத்தை பிர்ச், பாப்லர் மாதிரி மரங்கள்ல நல்லாவே பார்த்திருக்காங்க, ஆப்பிள்லயும் வழி இதேதான்னு நினைக்கிறாங்க. கவனிக்க வேண்டியது, இதுல தண்ணிக்கோ உரத்துக்கோ பங்கே இல்ல. எத்தனை மூட்டை மண்புழு உரம் போட்டாலும் அந்தப் பசை கரையாது.

ஐஸ் கட்டி வைத்தியமும் என் காரிடார் ஆப்பிளும்

என் கதையையும் சொல்லிடுறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஃபூஜி விதையை ஈர டிஷ்யூவுல சுத்தி, தயிர் டப்பாவுல போட்டு, எழுபது நாள் ஃபிரிட்ஜுல வச்சேன். வெள்ளையா வேர் வந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் காமிச்சேன், தொட்டியில வச்சேன், இடுப்பு உயரம் வந்து அப்படியே நின்னுடுச்சு.

நின்னுடுச்சுன்னா சாகல. நுனியில நாலஞ்சு இலை கொத்தா, மத்தபடி மொட்டைக் குச்சி. குச்சி ஓரமா கோதுமை மணி சைஸுல பழுப்பா, லேசான ரோமத்தோட மொட்டு தண்டோட ஒட்டிப் படுத்திருக்கும். நகத்தால மெல்லக் கீறிப் பார்த்தா உள்ள பச்சை, உயிரோடதான் இருக்கு, ஆனா எந்திரிக்காது. விதைக்குக் கொடுத்த குளிர் விதையோட தூக்கத்தைக் கலைக்க மட்டும்தான், மரமான பிறகு மொட்டுக்கு வருஷா வருஷம் புதுசா கொடுக்கணும்னு எனக்கு அப்பத் தெரியாது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆர்க்கிட்டுக்கு ஐஸ் கட்டி வைக்கிறவங்க, "தினம் நாலு கட்டி வேர்ல வை"ன்னாங்க. வச்சேன். மண்ணு சகதியாச்சு, மாவுப்பூச்சி வந்துச்சு, வேற ஒண்ணும் ஆகல.

ஏன் ஆகலன்னு அமெரிக்கத் தாவரவியலாளர் ஒருத்தர் 1920லயே சொல்லிட்டார். ஆளு பேரு ஃப்ரெடரிக் கோவில், ஆமா, பேரே கோவில்தான். ஒரு புளூபெர்ரி செடியை சூடான கண்ணாடி வீட்டுக்குள்ள வச்சு, ஒரே ஒரு கிளையை மட்டும் வெளிய குளிர்ல நீட்டி விட்டார். வசந்தம் வந்ததும் வெளிய இருந்த அந்தக் கிளை மட்டும் தளிர் விட்டுச்சு, உள்ள இருந்த மிச்சச் செடி தூங்கிட்டேதான் இருந்துச்சு. குளிரை எண்ணுறது ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாத்தான், வேர் இல்ல. நான் காலுக்கு ஐஸ் வச்சுக்கிட்டு இருந்திருக்கேன், தூங்குறது தலை.

ஏர்கான் ரூம்ல வச்சா என்னன்னு கேக்குறவங்களுக்கு: கார்டன்ஸ் பை த பே பூங்காவுல ஃபிளவர் டோம்ங்கிற குளிரூட்டின கண்ணாடிக் கூடத்துக்குள்ள போனா நமக்கு ஜிலுஜிலுன்னு இருக்கும், அது 23-25 டிகிரிதான். ஆலிவ் மரம் நிக்கும். ஆப்பிள் கணக்குல அங்க ஒரு காசு ஏறாது.

"நாட்டு"ன்னா எந்த நாட்டு?

இப்ப விளம்பரத்தோட முதல் வார்த்தைக்கு வருவோம், எனக்கு அதிகமா எரிச்சல் வர்றது இதுலதான். நம்மாழ்வார் ஐயா மாதிரி ஆட்கள் ஊர் ஊரா சொன்னதுல நாட்டு விதைன்னா நமக்கு ஒரு மரியாதை வந்துடுச்சு, நல்ல விஷயம். மாப்பிள்ளைச் சம்பா அந்த மண்ணுலயே தலைமுறை தலைமுறையா விதைச்சு எடுத்து விதைச்சு வந்தது, அதனால அந்த மண்ணுக்குப் பழகிடுச்சு. நெல்லு தன் பூவுக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கும், அதனால பிள்ளை தாயை உரிச்சு வச்சிருக்கும்.

ஆப்பிள் அப்படி இல்ல. பெரும்பாலான ஆப்பிள் ரகம் தன் மகரந்தத்தை ஏத்துக்காது, வேற ரகத்தோட மகரந்தம்தான் வேணும். அதனால ஃபூஜி விதையைப் போட்டா ஃபூஜி வராது, என் காரிடார் குச்சியும் ஃபூஜி இல்ல, அப்பா யாருன்னே தெரியாத ஒரு புது ஆளு. கிரானி ஸ்மித் அப்படித்தான் வந்துச்சு, 1868 வாக்குல சிட்னிப் பக்கம் மரியா ஆன் ஸ்மித்ங்கிற பாட்டி தோட்டத்துல தானா முளைச்ச ஒரே ஒரு கன்னு. இன்னைக்கு உலகம் பூரா இருக்குற கிரானி ஸ்மித் எல்லாம் அந்த ஒரு மரத்தோட குச்சியை வெட்டி ஒட்டி ஒட்டி வந்ததுதான். அதனால ஆப்பிள்ல "ரகம்"னா ஒரு தனி மரத்தோட நகல், விதையைச் சேர்த்து வச்சுக் காப்பாத்துற சமாச்சாரம் இல்ல.

உண்மையான பூர்வீகம் கேட்டா, நாம சாப்பிடுற ஆப்பிளோட மூதாதை மத்திய ஆசியாவுல தியான் ஷான் மலைக்காட்டு மரம். கசகஸ்தான்ல அல்மாட்டி நகரத்துக்குப் பக்கத்துல காடு காடா நிக்குது. ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் வவிலோவ் 1929ல அங்க போய்ப் பார்த்துட்டு, ஆப்பிள் பிறந்த இடம் இதுதான்னு சொன்னார், பின்னாடி மரபணு ஆராய்ச்சியும் அதையே சொல்லிடுச்சு. அந்தப் பக்கம் கோடை வறட்சி, குளிர்காலத்துல பனி. அதாவது ஆப்பிளுக்கு வறட்சி பிறந்த வீட்டுலயே பழக்கம், குளிரும் பிறந்த வீட்டுச் சீர்தான். 1989ல இருந்து 1996 வரைக்கும் அமெரிக்க வேளாண் துறை ஆட்கள் பல தடவை போய் விதையும் குச்சியும் எடுத்துட்டு வந்தாங்க, நோயையும் வறட்சியையும் தாங்குற குணத்தைத் தேடித்தான்.

இந்தியாவுலயும் காஷ்மீர்ல அம்ப்ரின்னு ஒண்ணு இருக்கு, வாசனையான பழம், அங்கயே பிறந்ததுன்னு கொண்டாடுவாங்க. அதுவும் நாட்டு ரகம்தான், காஷ்மீருக்கு. அதைக் கொண்டு வந்து காரைக்குடியில வச்சா பனியைத் தேடிக்கிட்டு நிக்கும்.

45 டிகிரி கதை எங்க இருந்து வந்துச்சுன்னும் எனக்குத் தெரியும். இமாச்சல் பிரதேசத்துல பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மா, கீழ் மலையில காய்க்கிற எச்ஆர்எம்என்-99ங்கிற ரகத்தை உருவாக்கினார், 2025ல பத்மஸ்ரீ கிடைச்சுது. குறைஞ்ச குளிர் மணியில காய்க்கிற ரகம், பல மாநிலத்துல நட்டுப் பார்த்திருக்காங்க. ஆனா பிலாஸ்பூர்ல தை மாசம் ராத்திரி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். 45 டிகிரிங்கிறது கோடையில மரம் சாகாம இருக்கும்ங்கிற பேச்சு, குளிர்காலமே தேவையில்லங்கிற பேச்சு இல்ல. விளம்பரக்காரர் ரெண்டையும் ஒரே கொத்து பரோட்டாவா கொத்திடுறார்.

தலை ஒண்ணு, கால் ஒண்ணு

வறட்சி தாங்குறது எதைப் பொறுத்ததுன்னா பெரும்பாலும் வேர். கடையில வாங்குற ஆப்பிள் கன்னுல ரெண்டு மரம் இருக்கும், மேல பழம் கொடுக்கிற ரகம், கீழ வேர்ச்செடி. வேர்ச்செடின்னா ஒட்டுக்குக் கீழ இருக்குற பாகம், மரத்தோட உயரத்தையும் வேரோட ஆழத்தையும் அதுதான் தீர்மானிக்கும். இங்கிலாந்துல ஈஸ்ட் மாலிங்ல இருந்து வந்த எம்-9ங்கிறது குட்டையா, சீக்கிரம் காய்க்கும், வேர் மேலாப்புல ஓடும், தண்ணி பாய்ச்சுறதை நிறுத்தினா வாடிடும். அங்க இருந்தே வந்த எம்எம்-111 பெருசா வளரும், காய்ஞ்ச மண்ணை அதைவிட நல்லாத் தாங்கும். மேல எந்த ரகம்னு மட்டும் சொல்லிட்டு, கீழ என்னன்னு கேட்டா முழிக்கிற கடையில கன்னு வாங்காதீங்க.

வறண்ட நிலத்துல நடுறவங்களுக்கு வேலை இவ்வளவுதான்: ஆழமா போற வேர்ச்செடி, சொட்டுநீர், அடியில காய்ஞ்ச இலையால மூடாக்கு. இது எல்லாம் மரத்தைப் பிழைக்க வைக்கும். காய்க்க வைக்கிறது வேற, அது மேல சொன்ன குளிர் மணி. குறைஞ்ச குளிர் ரகம்னாலும் ஜோடி வேணும், அன்னா வச்சா பக்கத்துல டார்செட் கோல்டன் மாதிரி அதே சமயத்துல பூக்குற ஒண்ணு நிக்கணும்.

தூங்கவே விடாம காய்க்க வைக்கிற ஊரு

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லணும், இல்லன்னா யாராவது படம் அனுப்பிக் கேப்பாங்க. நம்ம பக்கத்து நாடு இந்தோனேசியாவுல, கிழக்கு ஜாவாவுல மாலாங்குக்குப் பக்கத்துல பத்துங்கிற மலை ஊர்ல ரோம் பியூட்டி, மனலாகி, அன்னா எல்லாம் காய்க்குது, அதுவும் வருஷத்துக்கு ரெண்டு தடவை. பூமத்திய ரேகையில இருந்து எட்டு டிகிரி தெற்க, பனியே கிடையாது.

சூட்சுமம் இதுதான். பழம் பறிச்சு ஒரு மாசம் போல ஆனதும் ஆட்கள் ஏறி இலையை எல்லாம் கையாலயே உருவிடுவாங்க. மொட்டு ஆழத் தூக்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு அரைத்தூக்கம் இருக்கு, அப்ப அதை அமுக்கி வச்சிருக்கிறது பக்கத்துல இருக்குற இலைதான். அந்த நேரம் பார்த்து இலையை எடுத்துட்டா மொட்டு பதறி எந்திரிச்சுப் பூத்துடும். பூட்டே போட விடாததால திறக்கச் சாவியும் தேவையில்ல. நம்ம கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சையைக் கவாத்து பண்ணியே வருஷம் பூரா மாத்தி மாத்தி அறுக்கிறாங்களே, அதுக்குச் சொந்தக்கார வித்தை.

சில ஊர்ல தண்ணியை நிறுத்தி இலையைக் கொட்ட வைப்பாங்க. அந்த வேலைக்கு வறண்ட ஊரு தோது, குழாயை மூடினா மூடினதுதான். சிங்கப்பூர்ல நான் எந்தக் குழாயை மூடுறது? ஆனா அந்த பத்துங்கிறது மலை ஊரு, ராத்திரி குளுகுளுன்னு இருக்கும், நோயும் குறைவு, ஒவ்வொரு மரத்துக்கும் கூலி கொடுத்து இலை உருவ ஆள் வேணும். காரைக்குடியில தரைமட்டத்துல இதைப் பண்ணலாமான்னா, பண்ணலாம், பூக்கலாம், சித்திரை வெயில்ல பிஞ்சு நிக்குமாங்கிறதுக்கு நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

சித்தப்பாவோட பத்துக் கன்னு

இதையெல்லாம் ஆறு வாய்ஸ் மெசேஜா சொன்னேன். சித்தப்பா கேட்டாரா இல்லையான்னு தெரியாது, நீல டிக் மட்டும் வந்துச்சு. கன்னு வந்து இறங்கினதும் ஒரு போட்டோ அனுப்பினார், பின்னாடி கிணத்தடி, கையில ஒரு கன்னு.

பெருசாக்கிப் பார்த்தேன். ஆப்பிள் இலையில நடு நரம்பு ஒண்ணு ஓடி ரெண்டு பக்கமும் கிளை பிரியும். இதுல காம்புல இருந்தே மூணு நரம்பு நேரா நுனி வரைக்கும் ஓடுது. இலையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன், அடிப்பக்கம் வெள்ளையா பஞ்சு மாதிரி. காம்பு ஓரத்துல சின்னதா முள்ளு.

"சித்தப்பா, இது இலந்தை. ஆப்பிள் இலந்தைன்னு பெருசா காய்க்குமே, அது. ஆப்பிளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"தண்ணி ஜாஸ்தி கேக்குமா?"

"கேக்காது. வறட்சியை நல்லாத் தாங்கும். ஒரு வருஷத்துலயே காய்ச்சிடும்."

"அப்ப அவன் சொன்னது சரிதானேடா"ன்னுட்டு போனை வச்சுட்டார்.